கூத்துக்கு உறுதி எழுத முடியாது

கேள்வி: தென்னிலங்கையின் நூல்பாவைக் கூத்தும் தும்பறைப் பாயும் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் ஏறிவிட்டன. எங்கள் நாட்டுக்கூத்து ஏன் இன்னும் ஏறவில்லை? கொழும்போ தமிழ்நாடோ தன்னுடையது என்று சொல்வதற்கு முன், இது யாழ்ப்பாணத் தமிழரின் சொத்து என்று நாங்கள் உரிமை பதிய வேண்டாமா?
– ஒரு வாசகர், கொக்குவில்

பதில்: உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் யுனெஸ்கோ பட்டியல் காணிக் கந்தோர் அல்ல. அங்கே பெயர் ஏறினால் காணி உறுதிப் பத்திரம் கிடைக்காது. அதைக் காட்டி எல்லை வேலியும் அடைக்க முடியாது. இந்தப் பட்டியலுக்கு அடிப்படையான 2003ஆம் ஆண்டின் யுனெஸ்கோ சமவாயம், ஒரு சமூகம் எதைத் தன் மரபாக ஏற்றுக்கொள்கிறதோ அதையே மரபுரிமை என்கிறது. மற்றவனுக்கு அது இல்லை என்று சொல்லும் அதிகாரத்தை எவருக்கும் கொடுக்கவில்லை. போர் முறைப்படி இன்னும் முடியாத வடகொரியாவும் தென்கொரியாவும் தங்கள் மரபு மல்யுத்தத்தை 2018இல் சேர்ந்தே பட்டியலில் ஏற்றின. பாவைக்கூத்து ஏறியதும் அதே ஆண்டில்தான். ஆகவே தமிழ்நாட்டில் தெருக்கூத்து ஆடுகிறார்கள் என்பதற்காக நாம் பதற வேண்டியதில்லை.

கொழும்பு வேறு விஷயம். விண்ணப்பம் போடக்கூடியது அரசு மட்டுமே. இலங்கை 2008இல் இந்தச் சமவாயத்தில் சேர்ந்தது. யாழ்ப்பாணம் தனியே கோப்பு அனுப்ப வழியில்லை. எந்தக் கோப்பு முதலில் போகும், எது அலுமாரிக்குள் கிடக்கும் என்பதில் அரசியல் இருக்கிறது. அதைக் கேட்கத்தான் வேண்டும், உரத்தே கேட்க வேண்டும்.

ஆனால் அந்த விண்ணப்பத்தில் இன்னொன்றும் நிறுவப்பட வேண்டும். கலையைக் கைக்கொண்டிருப்பவர்கள் விஷயம் விளங்கி, வற்புறுத்தல் இல்லாமல், முன்கூட்டியே சம்மதம் தந்திருக்க வேண்டும். 2021இல் ஏறிய தும்பறைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நெய்பவர்கள் கின்னர சமூகத்தார். ஒரு காலத்தில் வரிக்குப் பதிலாக அரசனுக்குப் பாய் நெய்து கொடுத்தவர்கள், சாதியின் பேரால் ஓரத்தில் வைக்கப்பட்டவர்கள். உங்கள் கடிதத்தில் அவர்கள் கைவேலை ‘தென்னிலங்கை’யினுடையதாகிவிட்டது. நம் கூத்துக்கும் இதுவே நடக்கும் என்றுதான் நான் பயப்படுகிறேன். அதைச் செய்யப்போவது கொழும்பு மட்டும் அல்ல, நாமும்தான்.

‘யாழ்ப்பாணத் தமிழர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் யார் யார்? பாஷையூரிலும் குருநகரிலும் கடற்கரைக் கத்தோலிக்கர் வளர்த்த கூத்து ஒன்று. வட்டுக்கோட்டையில் பாரதக் கதை ஆடுகிற கூத்து இன்னொன்று. அம்மன் கோயில் வெளிகளில் விடிய விடிய நடக்கும் காத்தவராயன் வேறொன்று. ஆடியவர்களில் எத்தனையோ பேரைப் பெரிய கோயில்களின் உள்வீதிக்கு விடாத ஊர் இது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தாழ்ந்த சாதி என்று சொல்லிச் சக தமிழரை மறித்து நின்றதும் யாழ்ப்பாணத் தமிழர்தான். ‘கூத்தாடி’ என்பதை வசைச்சொல்லாக வைத்திருந்த வீடுகளின் பிள்ளைகள் இன்று ‘எங்கள் சொத்து’ என்கிறோம். சொல்லட்டும், நல்லது. ஆனால் ஆடியவனிடம் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும்.

கேட்காமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதை வலிகாமம் மேற்கில் கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியார் வீட்டுத் திண்ணையில் பார்த்தேன். அவர் தகப்பனார் கையால் எழுதிய கூத்துக் கொப்பி, தடித்த அட்டை போட்ட பழைய சீ.ஆர். கொப்பி, ஆராய்ச்சி என்று சொல்லி வந்த ஒருவரோடு போனது, திரும்பவில்லை. சில ஆண்டுகள் கழித்துப் புத்தகமாக வந்தது. முன்னுரையின் கடைசி வரியில் ‘மற்றும் ஊர்ப் பெரியவர்கள்’ என்று ஒரு நன்றி. அவர் அந்தப் புத்தகத்தை விரித்து எனக்குக் காட்டினார். ஒரு விருத்தப் பாட்டில் விரலை வைத்து, “இதில அப்பு சிவத்த மையால ரெண்டு சுத்து எண்டு எழுதி வைச்சவர். இதிலை இல்லை. ரெண்டு சுத்துச் சுத்தாமல் இந்த அடிக்கு வரேலாது, மூச்சு நிக்காது” என்றார். பிறகு எழுந்து ஆடிக் காட்டினார். எழுபது வயதைக் கடந்த கால்; சுற்று முடிந்த இடத்திலேயே பாட்டின் அடி வந்து விழுந்தது. அச்சடித்தவர் பாட்டை எடுத்தார், சிவப்பு மையை விட்டுவிட்டார். அந்த மைக்குள்தான் கூத்து இருந்தது.

இது ஒரு தனிமனிதரின் குற்றம் என்று நான் கருதவில்லை, நெடுநாள் பழக்கம். 1962இல் பேராசிரியர் வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ மூலம் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். படித்த தமிழர் கூத்தை மதித்துப் பார்க்கத் தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு, அந்தக் கடன் தீராது. ஆனால் அந்த ஆட்டத்தைப் பழக்கிய வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரின் பெயர் நம்மில் எத்தனை பேர் வாயில் வருகிறது?

ஆகவே, பட்டியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோப்புத் தயாராகட்டும். அண்ணாவிமார் பெயர் முதல் பக்கத்தில் இருக்கட்டும். வட்டுக்கோட்டைக்காரரும் பாஷையூர்க்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, எதை வெளியே காட்டலாம், எது அம்மனுக்கு மட்டும் ஆடுவது என்று தாங்களே சொல்லட்டும். ஒளிப்பதிவின் பிரதி அவர்கள் கையிலும் இருக்கட்டும். கூத்துக் களரியில் ஓர் இரவு ஆடி நிற்பவனுக்குக் கூலி எவ்வளவு என்றும் அதில் எழுதப்படட்டும். அந்தக் கூலியைப் பேச எந்தக் கூட்டத்திலும் எவரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

அந்த அண்ணாவியாரிடம் இப்போது மூன்று பொடியன்கள் பழகுகிறார்கள். கொப்பி போனது பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது: “பாட்டு தலைக்குள்ள கிடக்குது தம்பி. மத்தளத்துக்குத் தோல் மாத்தோணும், அதுக்குத்தான் வழியில்லை.” தோலுக்கான பணத்தை இந்த வாரம் நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பழக்கம் சனிக்கிழமை இரவுகளில். நீங்களும் வாருங்கள், வருவதாக இருந்தால் எழுதுங்கள், அவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.