இரண்டு பெட்டைக்கு மூன்று ஆண் வாத்து: வைத்துக்கொள்ளலாமா?

ஐந்து குஞ்சு வாங்கி வளர்த்ததில் மூன்று ஆணாகிவிட்டன, முட்டைக்கு ஆண் வேண்டுமா, மூன்றையும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முட்டைக்காக மட்டும் வளர்ப்பதென்றால் ஆண் தேவையே இல்லை. பருவம் வந்த பெட்டை, ஆண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முட்டையிடும். ஆண் சேர்ந்தால் முட்டையில் கரு கூடும், அவ்வளவுதான். குஞ்சு பொரிக்க ஆசைப்பட்டால் ஒன்று போதும். இரண்டு பெட்டைக்கு மூன்று ஆண் கண்டிப்பாகக் கூடாது.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், நாங்களே அந்தத் தவறைச் செய்தோம். எங்களிடம் நான்கு பெட்டையும் மூன்று ஆணும் இருந்தன. குஞ்சிலிருந்து ஒன்றாக மேய்ந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கியவை. பிரிக்க மனம் வரவில்லை. பருவம் வந்த பிறகு ஒருநாள் காலையில் கூண்டைத் திறந்தால், எல்லாம் தண்ணீருக்கு ஓட, ஒரு பெட்டை மட்டும் மூலையை விட்டு நகரவில்லை. தூக்கிப் பார்த்தேன். பிடரியில் இறகே இல்லை. இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் சிவந்து, நடுவில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. கீழே விட்டதும் நொண்டியது.

இணை சேரும்போது ஆண் வாத்து பெட்டையின் பிடரியை அலகால் கவ்விப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறும். அது இயல்பு. ஆனால் மூன்று ஆண்களும் மாறி மாறி ஒரே பெட்டையை விரட்டினால் அதற்குத் தின்னக்கூட நேரம் கிடைக்காது. கண்ணில் காயம் படும், கால் பிசகும். தண்ணீரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அமுக்கினால் பெட்டை மூழ்கிச் செத்தும் போகலாம். அன்றைக்கே ஆண்கள் மூன்றையும் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாற்றினோம். அந்தப் பெட்டையின் பிடரி மறுபடி மூடப் பல வாரமாயிற்று.

பொதுவாக ஒரு ஆணுக்கு 4 முதல் 6 பெட்டை வரை இருப்பது நல்லது. இந்தக் கணக்கை மட்டும் நம்பிவிடவும் முடியாது. ஐந்து பெட்டை இருந்தும் ஒன்றையே குறிவைத்து விரட்டும் ஆண் உண்டு. அதனால் வாரம் ஒருமுறையாவது ஒவ்வொரு பெட்டையின் பிடரியையும் தடவிப் பாருங்கள்.

கோழியும் சேர்த்து வளர்க்கிறீர்களா? அப்படியென்றால் ஆண் வாத்தை அவற்றோடு விடவே விடாதீர்கள். சேவலுக்கு வெளியே நீளும் உறுப்பு கிடையாது. ஆண் வாத்துக்கு உண்டு, திருகு போலச் சுருண்டிருக்கும். கோழியின் உடல் அதற்கு ஏற்றதல்ல. உள்ளே காயம்பட்டுச் சாகலாம்.

ஆண் வாத்து கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டத்தில் சத்தம் போடுவது பெட்டைதான். ஆணின் குரல் தொண்டை கட்டியது போலக் கரகரவென்று அடங்கியே இருக்கும். பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவே இருக்காது. கரு கூடிய முட்டையைச் சாப்பிடவும் தயங்க வேண்டாம். தினமும் எடுத்துக் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் கரு வளராது. தீவனத்தில் மட்டும் கவனம் வேண்டும். முட்டையிடும் பறவைக்கான தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம், ஆணுக்கு அது ஆகாது. எல்லாவற்றுக்கும் சாதாரணத் தீவனம் போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். பெட்டைகள் வேண்டிய அளவு தின்றுகொள்ளும்.

குஞ்சு பொரிக்கும் முன் இன்னொன்றையும் யோசியுங்கள். 28 நாள் அடைகாத்து வெளிவருவதில் ஏறக்குறைய பாதி ஆணாகத்தான் இருக்கும். அவற்றை என்ன செய்வது என்று முடிவுசெய்த பிறகு முட்டையை அடைவையுங்கள்.

உங்கள் மூன்றில் பெட்டைகளை அதிகம் விரட்டாத ஒன்றை வைத்துக்கொண்டு, இன்னும் இரண்டு மூன்று பெட்டை சேர்த்துவிடுங்கள். அதுவரை அதையும் தனியாகவே வையுங்கள். மற்ற இரண்டையும் கொடுக்க மனமில்லையென்றால், பெட்டைகள் கண்ணில் படாத இடத்தில் தனியாக வளர்க்கலாம். ஆண்கள் மட்டுமே இருந்தால் பெரும்பாலும் சண்டையில்லாமல் இருக்கும். எங்கள் ஆண்கள் அப்படித்தான் இருக்கின்றன. ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் மட்டும் விட்டுவிடாதீர்கள். வீட்டு வாத்துகளில் பலவற்றுக்குச் சரியாகப் பறக்க வராது. நாய் துரத்தினால் தப்பிக்கவும் தெரியாது.