பிரிக்காத பை

கேள்வி:

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 38. தாம்பரத்தில் குடியிருக்கிறோம். கணவருக்குத் தனியார் வேலை. நான் நுங்கம்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பெரியவள் ஆறாம் வகுப்பு, சின்னவன் இரண்டாம் வகுப்பு. கோடை விடுமுறைக்குத் தென்காசிப் பக்கம் உள்ள என் அம்மா வீட்டுக்குப் போய்ப் பதினாறு நாள் இருந்துவிட்டு வந்தேன். அப்பா தவறி மூன்று வருடம் ஆகிறது. அம்மா அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள்.

ஊரில் இருந்தவரை காலை ஏழரை மணிக்குத்தான் எழுந்தேன். எழுந்ததும் காபி கையில் வந்தது. கடைசி நாட்களில் சாரல் தொடங்கிவிட்டது. தார்சாவில் உட்கார்ந்து வெறுமனே மழையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் எங்கே என்றுகூடத் தேடவில்லை. சித்தி வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

திங்கட்கிழமை விடியற்காலை பொதிகை எக்ஸ்பிரஸில் தாம்பரத்தில் இறங்கினோம். மூன்று மணி நேரம் கழித்து நான் மின்சார ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். லீவு மிச்சமில்லை. கணவர் ஊரில் இரண்டு நாள் மட்டும் இருந்துவிட்டு முன்பே திரும்பியவர். கதவைத் திறந்தால் தொட்டி நிறையப் பாத்திரம், கொடியில் என்றைக்கோ காயப்போட்ட துணி, ஃபிரிட்ஜில் புளித்துப் பொங்கி வழிந்த மாவு.

பதினொரு நாள் ஆகிவிட்டது. இன்னும் எதுவும் பிடிபடவில்லை. மோட்டார் போட மறக்கிறேன். டிபன் டப்பாவோடு ஸ்பூன் வைக்க மறக்கிறேன். ஊரிலிருந்து நான்கு பைகள் கொண்டுவந்தோம். மூன்றைப் பிரித்துவிட்டேன். அம்மா தன் கையால் கட்டிக் கொடுத்த நான்காவது பை ஹாலில் அப்படியே கிடக்கிறது. பிள்ளைகள் அதைத் தாண்டித் தாண்டிப் போகிறார்கள். "அதை எப்போது எடுக்கப்போகிறாய்?" என்று கணவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் அழுதுவிட்டேன். போன வாரம், அம்மா கொடுத்துவிட்ட அரிசியில் வடித்த சோற்றில் கல் இருக்கிறது என்று பெரியவள் தட்டைத் தள்ளினாள். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார்.

கணவர் மோசமானவர் இல்லை, சொன்னால் செய்வார். எங்களை வழியனுப்பும்போது அம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அது வேறு கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அம்மா வீட்டில் ஓய்வெடுத்துவிட்டு வந்தவளுக்கு இத்தனை களைப்பு வருமா? நான் சோம்பேறியாகிவிட்டேனா, இல்லை மனதில் ஏதாவது கோளாறா?

– வாசகி, தாம்பரம்

பதில்:

அன்புச் சகோதரி,

இரவு முழுக்க இரண்டு பிள்ளைகளோடு ரயிலில் வந்து, இறங்கிய கையோடு வேலைக்குப் போனவர் "சோம்பேறியா" என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்வியை இங்கேயே விட்டுவிடுவோம்.

முதலில் உடம்பு. ஏழரைக்கு எழுந்து பழகிய உடம்பை ஒரே நாளில் ஐந்து மணிக்கு எழுப்பியிருக்கிறீர்கள். நம் உள்கடிகாரம் நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகர்ந்து கொடுக்கும். அதிலும் நேரத்தைப் பின்னே தள்ளுவது எளிது, முன்னே இழுப்பதுதான் கடினம். முதல் நான்கைந்து நாள் மறதிக்குத் தூக்கக் குறைவே போதுமான காரணம். பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள், மிச்சப் பாத்திரம் காலைவரை கிடக்கட்டும். ஆனால் பதினொரு நாள் ஆகியும் அழுகை வருகிறது என்றால் தூக்கத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

"சொன்னால் செய்வார்." என் அறைக்கு வரும் பெண்களிடம் இந்த வாக்கியத்தைக் கேட்காத வாரம் இல்லை. சரி, சொல்வது யார் வேலை? மோட்டார் போட வேண்டும், மாவு தீர்ந்துவிட்டது, நாளைக்குப் பள்ளியில் வெள்ளைச் சீருடை என்று நினைவில் வைத்திருப்பது கணக்கில் வராத வேலை. கணக்கில் வருவதே எப்படி இருக்கிறது பாருங்கள். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், செய்த ஆண்கள் 97 நிமிடம். "செய்த ஆண்கள்" என்பவர்களே நாலில் ஒருவர்தான். ஆகவே உங்கள் எரிச்சலில் ஒரு பாதிக்கு உளவியல் விளக்கமே தேவையில்லை. ஊரில் பதினாறு நாள் இறக்கி வைத்திருந்த சுமையை மறுபடி தோளில் ஏற்றும்போதுதான் அதன் எடை தெரிகிறது.

கணவரிடம் உதவி கேட்காதீர்கள், இரண்டு வேலைகளை முழுதாக ஒப்படையுங்கள். மோட்டாரும் காலை டிபன் டப்பாவும் என்று வைத்துக்கொள்வோம். நினைவில் வைத்திருப்பதும் அவர் பொறுப்பே. ஒரு நாள் தொட்டி வற்றினால் வற்றட்டும், நீங்கள் ஓடிப்போய் ஸ்விட்சைப் போட்டுவிடாதீர்கள். இது உங்களுக்குத்தான் அவரைவிடக் கஷ்டமாக இருக்கும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது இரண்டு இடங்களில் நின்றுவிட்டேன். இரண்டையும் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று கட்டில் சட்டம். இன்னொன்று சோற்றில் கல். அம்மா பொறுக்கிக் கொடுத்த அரிசியில் இதற்கு முன் எப்போதாவது கல் இருந்திருக்கிறதா? இல்லையென்றால், அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்பதை உங்கள் மனம் ஊரிலேயே குறித்துக்கொண்டிருக்கும். நீங்கள் வாய்விட்டுச் சொல்லாததை மகள் சாப்பாட்டுத் தட்டின் முன் சொல்லிவிட்டாள். கோபம் அவள்மேல் பாய்ந்தது.

ஏழரை மணிக்குக் கையில் வந்த காபியும் அதே அம்மா போட்டதுதான். இது தெரிந்துதான் மனம் அறுக்கிறது என்று நினைக்கிறேன். என் ஊகம் தவறென்றால் எழுதுங்கள். ஒன்று மட்டும் சொல்வேன்: அந்தக் காபிக்காக வெட்கப்பட வேண்டாம். தனியாக இருக்கும் தாய்க்கு, மகளை உட்காரவைத்துப் பரிமாறிய அந்தப் பதினாறு நாளும் ஒரு வரவுதான்.

ஆனால் கண்ணைத் தள்ளிப்போடாதீர்கள். வயதானவர்களுக்குக் கண்புரை மிகச் சாதாரணம். பெரும்பாலும் சிறிய அறுவையில் சரியாகிவிடும். பலர் அன்றைக்கே வீடு திரும்பிவிடுகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் செலவில்லாமல் செய்கிறார்கள். திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனையும் இருக்கிறது. கண்புரைதானா, வேறு எதுவுமா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். முழங்காலையும் காட்டிவிடுவது நல்லது. உங்களுக்கு லீவு இல்லை, ஆனால் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட சித்தி ஊரில் இருக்கிறாரே, அவரைத் துணைக்குக் கேளுங்கள். போனில் "சாப்பிட்டாயா, நன்றாக இருக்கிறாயா" என்றால் எந்த அம்மாவும் ஆம் என்றுதான் சொல்வார். டிவியில் ஓடும் எழுத்து தெரிகிறதா, ஊசியில் நூல் கோக்க முடிகிறதா என்று கேளுங்கள்.

காலாண்டு விடுமுறைக்குப் போவதாக இருந்தால் சனிக்கிழமை காலை தாம்பரத்தில் இறங்கும்படி டிக்கெட் எடுங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது. இடையில் இரண்டு நாள் கிடைத்தால் பாதி சண்டை மிச்சம்.

மனக் கோளாறா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. ஆனாலும் நாளின் பெரும்பகுதி சோர்வு, எதிலும் பிடிப்பின்மை, தூக்கமோ பசியோ கெடுவது என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் நேரில் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக அந்தப் பை. தனியாகப் பிரிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பெரியவளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பிரியுங்கள். மிச்ச அரிசியை முறத்தில் கொட்டி, இரண்டு பேரும் உட்கார்ந்து கல் பொறுக்குங்கள். அன்றைக்குக் கத்தியதைப் பற்றி அப்போது பேசலாம். கைகள் வேலையாக இருக்கும்போது மன்னிப்புக் கேட்பது எளிது. முடித்ததும் அம்மாவுக்கு போன் செய்து, பையில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். வற்றல் நொறுங்காமல் வந்து சேர்ந்ததா என்று தெரியாமல் அவர் பதினொரு நாளாகக் காத்துக்கொண்டிருப்பார்.