வந்து உட்கார்ந்தவரை 'வரவில்லை' என்று எழுதலாமா? கோரம் தகராறும் 1890-ல் ஒரு சபாநாயகர் செய்ததும்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சங்கத்தில் 120 உறுப்பினர்கள். பொதுக்குழு நடக்க 61 பேர் வேண்டும் (இந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கைதான் கோரம்) என்று பைலா சொல்கிறது. சங்கம் இரண்டு அணியாகப் பிரிந்திருக்கிறது. கூட்டத்துக்கு 75 பேர் வருகிறார்கள். ஆனால் லிஃப்ட் மாற்றும் தீர்மானத்தை ஓட்டுக்கு விட்டதும் எதிரணியினர் ஆதரவாகவும் கை தூக்குவதில்லை, எதிர்த்தும் தூக்குவதில்லை. ஓட்டு 55-தான் விழுகிறது. உடனே "61 இல்லை, கோரம் இல்லை, தீர்மானம் செல்லாது" என்கிறார்கள். மூன்று கூட்டம் இப்படியே போய்விட்டது. இதே சிக்கல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் 19-ம் நூற்றாண்டில் வந்து, அங்கே தீர்த்தும்விட்டார்கள் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். உண்மையா? எங்கள் தலைவரும் அப்படிச் செய்யலாமா?

பதில்: உங்கள் நண்பர் சொன்னது உண்மைதான். உங்கள் தலைவரும் செய்யலாம், ஆனால் அவர்கள் செய்த வரிசையில் செய்ய வேண்டாம். அங்கே என்ன நடந்தது என்று தெரிந்தால் ஏன் என்பது புரியும்.

1888 தேர்தலில் அமெரிக்கா கிட்டத்தட்ட சரிபாதியாகப் பிரிந்தது. மக்கள் வாக்கில் குரோவர் கிளீவ்லாண்ட் முந்தினார். ஆனால் அதிபரை முடிவு செய்வது மாநில வாரியாகத் தேர்வாகும் தேர்வாளர்களின் வாக்கு; அதில் பெஞ்சமின் ஹாரிசன் ஜெயித்து அதிபரானார். பிரதிநிதிகள் சபையில் ஹாரிசனின் குடியரசுக் கட்சிக்கு மிக மெல்லிய பெரும்பான்மைதான் கிடைத்தது. மொத்தம் 330 இடங்கள். அரசமைப்புச் சட்டப்படி பாதிக்கு மேல் உறுப்பினர்கள் இருந்தால்தான் சபை அலுவல் நடத்தலாம். ஆளும் கட்சியில் நாலைந்து பேர் காய்ச்சலில் படுத்தாலோ ஊருக்குப் போனாலோ, தங்கள் ஆட்களை மட்டும் வைத்து அந்த எண்ணிக்கையை எட்ட முடியாது.

ஜனநாயகக் கட்சி கையில் எடுத்தது இந்தப் பலவீனத்தைத்தான். பெயர் வாசித்து ஓட்டுக் கேட்கும்போது இருக்கையிலேயே இருந்துகொண்டு பதில் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். ஓட்டுப் போட்டவர்களை மட்டும் எண்ணி, "கோரம் இல்லை" என்று எழுந்து சொல்வார்கள். சபை நின்றுபோகும். இது அவர்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1832-ல் முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் ஒரு கண்டனத் தீர்மானத்தில் வாக்களிக்க மறுத்ததிலிருந்து வளர்ந்த பழக்கம் இது. அரை நூற்றாண்டுக்கு மேல் இரண்டு கட்சிகளும் சிறுபான்மையாக இருந்தபோதெல்லாம் இதைப் பயன்படுத்தின. எந்தச் சபாநாயகரும் தடுக்கவில்லை.

1889 டிசம்பரில் சபாநாயகரானவர் மெய்ன் மாநிலத்து தாமஸ் பிராக்கெட் ரீட். 1890 ஜனவரி 29 அன்று மேற்கு வர்ஜீனியா தொகுதி ஒன்றின் தேர்தல் தகராறு சபைக்கு வந்தது. அந்த இடம் ஜாக்சனுக்கா, ஸ்மித்துக்கா என்பது வழக்கு. அதை எடுத்துக்கொள்ளலாமா என்ற ஓட்டில் ஆதரவு 161, எதிர்ப்பு 2. கோரத்துக்குக் கொஞ்சம் குறைந்தது. ஜார்ஜியாவின் சார்லஸ் கிரிஸ்ப் வழக்கம்போல எழுந்து கோரம் இல்லை என்றார்.

ரீட் சபையை ஒத்திவைக்கவில்லை. வந்திருந்தும் வாக்களிக்க மறுக்கும் உறுப்பினர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளும்படி எழுத்தரிடம் சொல்லிவிட்டு, கண்ணில் பட்டவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தார். சபையில் ஒரே கூச்சல். இது புரட்சிகரமான செயல் என்று கென்டக்கியின் பிரெக்கின்ரிட்ஜ் கண்டித்தார். அதே மாநிலத்து மெக்ரியரி, தன்னை வந்ததாக எண்ணுவதற்குச் சபாநாயகருக்கு உரிமையே இல்லை என்றார். அதற்கு ரீட், கென்டக்கி உறுப்பினர் இங்கே இருக்கிறார் என்ற உண்மையைத்தான் நான் சொல்கிறேன், அதை அவர் மறுக்கிறாரா என்று கேட்டார். மறுக்க வழியில்லை, மறுப்பதற்கும் அவர் அங்கே இருந்தாக வேண்டும்.

உங்கள் கேள்விக்கான விடையின் முதல் பாதி இந்த இடத்தில் இருக்கிறது. ஒருவர் வந்திருக்கிறாரா என்பது கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம். வாக்களிப்பதும் விடுவதும் அவர் விருப்பம். கோரம் முதலாவதைப் பற்றியது. வாக்களிக்காத ஒருவரைத் தீர்மானத்துக்கு ஆதரவு என்று எழுதினால் அது அநியாயம். வந்தார் என்று எழுதுவதில் அநியாயம் எதுவும் இல்லை.

ரீட் தன் பக்கம் சொன்ன வாதங்களில் பலமானது ஒன்று உண்டு. நியூயார்க் மாநில செனட்டில் 1883-ல் தலைமை வகித்த டேவிட் ஹில், பேசாமல் உட்கார்ந்திருந்தவர்களை இதே மாதிரி எண்ணியிருந்தார். அவர் ஜனநாயகக் கட்சிக்காரர். எதிரணியின் முன்னுதாரணத்தையே எடுத்துக் காட்டினால் வாதம் பாதி முடிந்துவிடும்; உங்கள் சங்கத்தின் பழைய மினிட்ஸ் புத்தகத்தையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.

ரீட் மீது சொல்ல வேண்டிய குறையும் உண்டு, அது சின்னதில்லை. 1880-ல் இதே மாற்றத்தை வர்ஜீனியாவின் டக்கர் என்ற ஜனநாயகக் கட்சி உறுப்பினர் கொண்டுவந்தபோது, சிறுபான்மையின் மதிப்புள்ள உரிமை இது என்று சொல்லி எதிர்த்தவர் ரீட்தான். பத்து வருஷம் கழித்து எதிரணி அந்தப் பேச்சை எடுத்து அவர் முன் வாசித்தது. அதோடு, அவர் எண்ண ஆரம்பித்த நாளில் அந்தச் சபை தனக்கென்று விதிகளையே இன்னும் ஏற்றிருக்கவில்லை. பொதுவான நாடாளுமன்ற மரபை வைத்து ஓடிக்கொண்டிருந்தது. எழுதாத விதியின் மேல் நின்று செய்ததால்தான் அவரை 'ஜார்' (ரஷ்யச் சர்வாதிகார மன்னர்) என்று ஏசினார்கள். பிறகுதான், பிப்ரவரி 14 அன்று, புதிய விதிகள் 161-க்கு 144 என்ற வாக்கில் நிறைவேறின. வேலையைத் தடுக்கவே கொண்டுவரும் தீர்மானங்களைச் சபாநாயகர் ஏற்க வேண்டியதில்லை என்பதும் அதில் சேர்ந்தது.

விதி வந்தபிறகும் எதிரணி சும்மா இருக்கவில்லை. உள்ளே இருந்தால் எண்ணிவிடுவார் என்று வெளியே ஓடப் பார்த்தார்கள். கதவைப் பூட்டச் சொன்னார் ரீட். டெக்சாஸின் கில்கோர் பூட்டிய கதவைக் காலால் உதைத்துத் திறந்துகொண்டு போனார்.

இத்தனை தகராறும் எதற்காக என்று கேட்டால், அந்தச் சபை நிறைவேற்றியதைப் பார்க்க வேண்டும். ஏகபோக வணிகத்துக்கு எதிரான ஷெர்மன் சட்டம் 1890 ஜூலையில் வந்தது. மெக்கின்லி சுங்கவரிச் சட்டம் அக்டோபரில். எனக்கு இவை எல்லாவற்றையும் விட முக்கியமாகத் தெரிவது ஹென்றி கேபட் லாட்ஜ் கொண்டுவந்த தேர்தல் மசோதா. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களை மிரட்டியும் ஏமாற்றியும் வாக்குச்சாவடிப் பக்கம் வரவிடாமல் செய்துகொண்டிருந்த காலம் அது. கூட்டாட்சி மேற்பார்வையில் தேர்தலை நடத்த வழி செய்யும் அந்த மசோதா, 1890 ஜூலை 2 அன்று 155-க்கு 149 என்று பிரதிநிதிகள் சபையில் தேறியது. பழைய பழக்கம் நீடித்திருந்தால் அது ஓட்டுக்கே வந்திருக்காது. ஆனால் செனட்டில் ரீடின் விதி கிடையாது. அங்கே பேசிப் பேசியே நாளைக் கடத்தி, 1891 தொடக்கத்தில் அதைச் சாகடித்தார்கள். கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் உருப்படியான சட்டத்துக்கு 1965 வரை காத்திருக்க வேண்டி வந்தது. சபை நடைமுறை விதியை வெறும் சம்பிரதாயம் என்று யாராவது சொன்னால் நான் இந்த மசோதாவைத்தான் சொல்வேன்.

சரி, நீதிமன்றம் என்ன சொன்னது? உங்களுக்கு நேரடியாக உதவக்கூடியது இதுதான். அந்த ஆண்டே இறக்குமதிக் கம்பளித் துணியின் வரி பற்றிய ஒரு சட்டம் நிறைவேறியது. ஆதரவு 138, எதிர்ப்பு பூஜ்யம். 138 என்பது சபையில் பாதிகூட இல்லை. பேசாமல் இருந்த 74 பேரையும் சேர்த்து, வந்தவர்கள் 212 என்று பதிவானது. வரி கட்ட வேண்டிய பாலின் என்ற இறக்குமதி நிறுவனம், கோரம் இல்லாத சட்டம் செல்லாது என்று வழக்காடியது. 1892-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. நீதிபதி புரூவர் எழுதிய தீர்ப்பின் சாரம்: அரசமைப்புச் சட்டம் கேட்பது பெரும்பான்மையின் வருகையை மட்டுமே. வருகையை எப்படி உறுதி செய்வது என்பதைச் சபை தன் விதியால் முடிவு செய்துகொள்ளலாம். அந்த முறை நியாயமானதாக இருந்தால் போதும். யாரோ சிலர் வாய் திறக்காததால் சபை தன் சக்தியை இழந்துவிடாது.

உங்கள் கணக்கும் இதே கணக்குதான். வந்தவர்கள் 75, வேண்டியது 61, கோரம் இருக்கிறது. தீர்மானத்துக்கு 55 ஓட்டு. அமெரிக்கத் தீர்ப்பு நம் ஊர் சங்கத்தைக் கட்டாது, ஆனால் நம் சட்டங்களின் போக்கும் இதுவே. அரசமைப்புச் சட்டத்தின் 100-வது பிரிவு நம் நாடாளுமன்றத்துக்கு மொத்த உறுப்பினரில் பத்தில் ஒரு பங்கைக் கோரமாக வைக்கிறது. முடிவை மட்டும் 'வந்திருந்து வாக்களிப்பவர்களின்' பெரும்பான்மைக்கு விடுகிறது. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 103-வது பிரிவும் கோரத்துக்கு நேரில் வந்திருப்பவர்களைத்தான் எண்ணச் சொல்கிறது.

ஆகவே முதலில் உங்கள் பைலாவை எடுத்து, கோரம் பற்றிய வரியை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். "61 உறுப்பினர்கள் வந்திருக்க வேண்டும்" என்று இருந்தால் தலைவர் கவலைப்படாமல் எண்ணலாம். "61 பேர் வாக்களிக்க வேண்டும்" என்று இருந்தால் எண்ணி எந்தப் பயனும் இல்லை, பைலாவைத் திருத்தியாக வேண்டும். பெரிய செலவுக்கு மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று தனி வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் 80 பேர் கை தூக்கியாக வேண்டும். கோரம் சரியாக இருந்தும் 55 ஓட்டில் லிஃப்ட் தீர்மானம் தோற்கும், அதைத் தோல்வியாகவே ஏற்க வேண்டும். "வந்தவர்களில் பெரும்பான்மை" என்று இருந்தால் பேசாமல் இருப்பவர்கள் எதிர்த்தவர்களுக்குச் சமம். 75-ல் 38 வேண்டும், உங்களிடம் 55 இருக்கிறது.

அப்புறம், எண்ணும் முறை. ரீட் தானே பார்த்துத் தானே பெயர் சொன்னார். அதை மட்டும் அப்படியே பின்பற்றாதீர்கள். வாசலில் கையெழுத்து வாங்குங்கள். ஓட்டுக்கு முன் அணிக்கு ஒருவராக இரண்டு பேர் அறையில் இருப்பவர்களின் பெயரை எழுதட்டும். மினிட்ஸில் ஆதரவு, எதிர்ப்பு, வந்தும் வாக்களிக்காதவர் என்று மூன்று பட்டியலாக ஏறட்டும். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மத்தியானம் போய்விட்டவரை ஓட்டு நேரத்துக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பொய்க் கணக்கு.

இந்த நடைமுறையை எழுத்தில் கொண்டுவர லிஃப்ட் தீர்மானத்துக்கு முந்தைய கூட்டமே நல்ல நேரம். சண்டை நடக்கும்போது விதி செய்தால், அது யாருக்கு எதிராக என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். அமெரிக்காவிலும் அதுவே நடந்தது. 1890 நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சி படுதோல்வி அடைந்தது. கிரிஸ்ப் சபாநாயகரானார், ரீடின் விதி போனது. ஆனால் 1894-ல் ஜனநாயகக் கட்சியினர் பலர் சபைக்கு வராமல் இருக்க, ரீட் தன் ஆட்களை வாய் மூடி உட்கார வைத்தார். சபை ஸ்தம்பித்தது. ஏப்ரல் 17 அன்று, நான்கு வருஷம் முன்பு ஜார் என்று கத்திய கட்சியே வந்தவர்களை எண்ணும் விதியை ஏற்றது. அதன்பிறகு அந்தச் சபையில் அந்த விதி நிலைத்துவிட்டது. உங்கள் எதிரணியிடம் இதைச் சொல்லுங்கள்: அடுத்த வருஷம் நிர்வாகக் குழு அவர்கள் கைக்குப் போனால் இதே விதி அவர்களுக்கும் வேண்டியிருக்கும்.

இன்னொன்று. எண்ண ஆரம்பித்ததும் அவர்கள் கூட்டத்துக்கே வராமல் இருக்கலாம். அமெரிக்கச் சபைக்கு வராத உறுப்பினரைப் பிடித்து வர அதிகாரம் உண்டு, உங்களுக்குக் கிடையாது. கம்பெனிகள் சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது: அரை மணி நேரத்தில் கோரம் சேராவிட்டால் கூட்டம் அடுத்த வாரம் அதே நாளுக்குத் தள்ளிப்போகும், அப்போது வந்திருப்பவர்களே கோரம். இதைப் போன்ற வரி உங்கள் பைலாவில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்த்து, சங்கம் எந்தச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்கிறதோ அதன்படி திருத்தத்தையும் பதிவு செய்துவிடுங்கள். தள்ளிவைத்த கூட்டத்தில் முதல் நோட்டீஸில் இல்லாத புது விஷயம் எதையும் எடுக்காதீர்கள். எதிரணி எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் அதை மினிட்ஸோடு இணைத்து வையுங்கள்.