புல்வெளிக் குழாய்களுக்குக் குளிர்கால ஏற்பாடு: கேள்வி பதில்

அக்டோபர் பிறந்தால் டொராண்டோ, சிகாகோ, மினியாப்பொலிஸ் பக்கத்து நம்மவர்களிடமிருந்து, புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் பற்றிய கேள்விகள் குவியும். இந்த வருடம் எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன். குளிருக்கு முன் குழாய்க்குள் நிற்கும் தண்ணீரைக் கம்ப்ரஸர் (காற்றை அழுத்தித் தரும் மிஷின்) வைத்து ஊதி வெளியேற்றுவதுதான் வேலை. அப்படிக் காற்றடிக்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மறந்தவர்களுக்கு மறுபடியும் சொல்வேன்.

பிராம்ப்டன்: ஸ்பிரிங்க்ளருக்குப் போகும் மெயின் வால்வை மூடினால் போதாதா?

போதாது. வால்வை மூடினால் புதுத் தண்ணீர் வராது, அவ்வளவுதான். குழாய்க்குள் நிற்கிற தண்ணீர் எங்கே போகும்? உறையும்போது அது சுமார் 9 சதவீதம் விரியும். புல்வெளிக் குழாயைப் பெரும்பாலும் 8 முதல் 12 அங்குல ஆழத்தில்தான் புதைக்கிறார்கள். டொராண்டோ பக்கம் வீட்டு அஸ்திவாரத்தையே உறைபனிக்குப் பயந்து 4 அடி இறக்குகிறார்கள். கணக்கு உங்களுக்கே புரியும்.

ஸ்கார்பரோ: அண்ணை, வெளிச் சுவரில பித்தளையில ஒரு சாமான் இருக்கு. தொடவே பயமா இருக்கு. ஒவ்வொரு படியாச் சொல்லுங்கோ.

அதுதான் பேக்ஃப்ளோ. தோட்டத்துத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பி வராமல் தடுப்பது. பயப்படுவது நல்லதுதான், ஏனென்றால் இருப்பதிலேயே விலை கூடிய உறுப்பு அது.

முதலில் பேஸ்மென்டில் ஸ்பிரிங்க்ளருக்குப் போகும் வால்வை மூடுங்கள். பக்கத்தில் இருக்கும் சின்ன வடிகால் மூடியைத் திறந்து வாளி வையுங்கள். வெளியே வந்து பேக்ஃப்ளோவின் இரண்டு கைப்பிடிகளையும் மூடுங்கள். கம்ப்ரஸர் குழாயை அதற்கு அப்பால், தோட்டத்துப் பக்கம் உள்ள இணைப்பில்தான் மாட்ட வேண்டும். பேக்ஃப்ளோ வழியாகக் காற்றை விட்டால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பாகங்கள் போய்விடும்.

தண்ணீர் விடும் நேரத்தை வைக்கும் கன்ட்ரோலரில், கம்ப்ரஸருக்கு மிகத் தொலைவில் உள்ள ஜோனை (ஒரே வால்வில் சேர்ந்து ஓடும் ஸ்பிரிங்க்ளர் தலைகள்) முதலில் ஓட விடுங்கள். அது திறந்த பிறகுதான் காற்றை மெல்லத் திறக்க வேண்டும். கறுப்பு பாலிஎத்திலீன் குழாய்க்குக் காற்றழுத்தம் 50 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு) தாண்டக் கூடாது, வெள்ளை பி.வி.சி.க்கு 80. எந்தக் குழாய் என்று தெரியாதவர்களுக்கு 50. ஒரு ஜோனுக்கு ஒரே மூச்சில் 2 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு சுற்று முடித்து இன்னொரு சுற்று வாருங்கள். தண்ணீர் போய் வெறும் புகைபோல வந்ததும் நிறுத்திவிடுங்கள். சுழலும் தலைகளில் தண்ணீர்தான் மசகு. வறண்ட காற்றில் சுற்றினால் பல்சக்கரம் சூடேறித் தேய்ந்துவிடும். கடைசி ஜோன் மூடுவதற்கு முன்பே கம்ப்ரஸரை நிறுத்திவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் பேக்ஃப்ளோவின் கைப்பிடிகளையும், அதிலேயே ஸ்க்ரூ டிரைவரால் திருகும்படி இருக்கும் சின்னச் சோதனைக் குழாய்களையும் 45 பாகையில் பாதி திறந்து விடுங்கள். முழுக்க மூடினாலும் முழுக்கத் திறந்தாலும் உள்ளே இருக்கும் உருண்டையைச் சுற்றி ஒரு வாய்த் தண்ணீர் தங்கும். பித்தளையைப் பிளக்க அது போதும்.

மினியாப்பொலிஸ்: 6 கேலன் சின்ன கம்ப்ரஸரிலேயே வருடா வருடம் ஊதுகிறேன். ஒன்றும் ஆகவில்லையே?

ஆகும்வரை ஆகாது. தண்ணீரைத் தள்ளுவது அழுத்தம் இல்லை, காற்றின் அளவு. அந்தச் சின்ன மிஷின் நிமிடத்துக்கு இரண்டரை கன அடி தந்தாலே பெரிது. இளநீரில் ஸ்ட்ரா விட்டு ஊதினால் குமிழிதானே வருகிறது? அப்படித்தான் காற்று மேலாகப் போய்விடும், தண்ணீர் குழாயின் பள்ளமான இடத்தில் திரும்பி உட்காரும்.

அவரே: டேங்கை 150 பி.எஸ்.ஐ. வரை நிரப்பி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டால்?

ஸ்பிரிங்க்ளர் தலைகளில் காற்று வெளியேறத் தொடங்கிய சில நொடிகளில் டேங்க் காலி. மறுபடி நிரம்புவதற்குள் தண்ணீர் பள்ளத்துக்கு வந்துவிடும். சின்னத் தோட்டம், ஜோனுக்கு மூன்று நான்கு தலை, நல்ல சரிவு, பொறுமை எல்லாம் இருந்தால் ஒப்பேற்றலாம். உங்கள் தோட்டம் அப்படி இருக்கலாம், அதை ஊருக்கே வழியாகச் சொல்லாதீர்கள்.

சிகாகோ: மினியாப்பொலிஸ்காரர் வீணாக மெனக்கெடுகிறார். பெரிய கம்ப்ரஸரை வாடகைக்கு எடுத்து 100 பி.எஸ்.ஐ. வைத்தேன், பத்து நிமிடத்தில் முடிந்தது.

ஐயா, இது அதைவிட மோசம். பெரிய மிஷின் எடுப்பது காற்றின் அளவுக்காக. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் 50-லேயேதான் இருக்க வேண்டும், பி.வி.சி. என்று உறுதியானால் 80. அந்த மிஷினில் 100 வைத்துவிட்டு ஸ்பிரிங்க்ளர் தலைக்கு மேல் குனிந்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி போட்டிருந்தீர்களா?

மினியாப்பொலிஸ்: அப்படியென்றால் நான் செய்வதே மேல்?

இருவரும் சமாதானமாகி ஆள் வைத்துச் செய்யுங்கள். அடுத்த கேள்வி.

மிசிசாகா: மெயின் வால்வை மூடிவிட்டேன், இனி கவலை இல்லைதானே?

பிராம்ப்டன் பதில்.

டல்லாஸ்: எங்களுக்கும் ஊதணுமா சார்?

பெரும்பாலும் வேண்டாம். அங்கே மண்ணுக்குள் உறைவது அரிது. தரைக்கு மேல் நிற்கும் பேக்ஃப்ளோவுக்கும் வெளிக்குழாய்க்கும் உறை போடுங்கள். உறைபனி எச்சரிக்கை வந்தால் தண்ணீரை அடைத்து வடித்துவிடுங்கள். 2021 பிப்ரவரி உறைபனியில் டெக்சாஸ் பட்ட பாடு தெரியும்தானே.

ஆட்டவா: உறையாத வெளிக்குழாய்தான் போட்டிருக்கிறோம். தோட்டத்து ஹோஸைக் கழற்றணுமா?

கழற்றுங்கள். ஹோஸ் மாட்டியிருந்தால் தண்ணீர் வடியாது, குழாய் சுவருக்குள் வெடிக்கும். வசந்தத்தில் திறக்கும்போதுதான் தெரியும்.

மார்க்கம்: அண்ணா, வெறும் வால்வை மட்டும்...

பிராம்ப்டன்!

ரோசெஸ்டர்: வசந்தத்தில் திறக்கும்போது ஏதாவது கவனிக்கணுமா?

பாதி திறந்து வைத்த சோதனைக் குழாய்களை முதலில் மூடுங்கள். அப்புறம் மெயின் வால்வைக் கால்வாசி திறந்து சில நிமிடம் காத்திருங்கள். காற்று நிறைந்த குழாயில் தண்ணீரைச் சட்டென்று விட்டால் அது போய் மோதுகிற வேகத்தில் இணைப்பு விட்டுப்போகும்.