மின்னொளியில் கார்ட் பந்தயம்: நான்கு உயர்கோபுர விளக்குகள் போதுமா?

கேள்வி: திருச்சி புறநகரில் 650 மீட்டர் நீளமுள்ள கோ-கார்ட் (சிறு பந்தய வண்டி) தளம் நடத்துகிறேன். கோடையில் பகலில் ஆள் வருவதே இல்லை. சென்னை தீவுத்திடலைச் சுற்றி 2024இல் இரவில் நடந்த ஃபார்முலா 4 பந்தயத்தைப் பார்த்ததிலிருந்து, வார இறுதிப் போட்டிகளை மாலை 6 மணிக்குத் தொடங்கி இரவு வரை நடத்தும் எண்ணம் வந்திருக்கிறது. கிரிக்கெட் மைதானம் போல நான்கு மூலைகளிலும் உயர்கோபுர விளக்கு நட்டால் போதும் என்கிறார் ஒப்பந்ததாரர். இரவுப் பந்தயமே ஆபத்து என்கிறார் என் கூட்டாளி. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் என்னால் ஏற்க முடியவில்லை. இரவில் பந்தயம் நடத்தலாம். ஆனால் நான்கு கோபுரங்களை நம்பி நடத்தக் கூடாது. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்த 6 மணிதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கோபுரங்கள். மட்டையாளர் பந்துவீச்சாளரை நோக்கியே நிற்கிறார். அவருடைய பார்வைக் கோட்டைத் தவிர்த்து விளக்கை நட்டுவிட்டால் வேலை முடிந்தது. கார்ட் ஓட்டுபவரோ ஒவ்வொரு சுற்றிலும் எல்லாத் திசைகளுக்கும் திரும்புகிறார். எந்த மூலையில் கோபுரம் நட்டாலும், ஏதோ ஒரு வளைவில் அது நேராக அவர் கண்ணில் அடிக்கும். பெரும்பாலும் அவர் பிரேக் போட வேண்டிய இடமாகவே அது அமைந்துவிடும். தொலைவிலிருந்து சாய்வாக வரும் ஒளியில் டயர் அடுக்குகளின் நிழலும் முன்னால் செல்லும் வண்டியின் நிழலும் தடத்தின் குறுக்கே நீளமாக விழும். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார்ட் நொடிக்கு 19 மீட்டருக்கு மேல் கடக்கிறது. பத்து மீட்டர் இருட்டுத் திட்டு என்றால் அரை நொடி. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு அந்த அரை நொடி போதவே போதாது.

சிங்கப்பூரில் 2008 செப்டம்பரில் ஃபார்முலா 1 வரலாற்றின் முதல் இரவுப் பந்தயத்தை நடத்தியவர்கள், மரினா பே சாலைகளில் சுமார் ஐந்து கிலோமீட்டர் தடத்தை ஒட்டியே, ஏறத்தாழ 1,500 விளக்குகளை வரிசையாகத் தொங்கவிட்டார்கள். அமெரிக்காவில் சார்லட் தளத்தில் 1992இல் இரவுப் பந்தயம் நடத்தியபோது, உட்புறம் கம்பங்கள் நடுவதைத் தவிர்க்கத் தரையருகே விளக்குகளை வைத்து, கண்ணாடிகளில் பட்டுத் தெறிக்கும் ஒளியைத் தடத்தின்மேல் விழச் செய்தார்கள். இரண்டு வழிகளுக்கும் நோக்கம் ஒன்றே: ஒளி தடத்தில் விழ வேண்டும், ஓட்டுபவரின் கண்ணில் விழக் கூடாது.

சிங்கப்பூர்த் தடத்தில் விழும் 3,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளியைப் பார்த்து மலைக்காதீர்கள். அவ்வளவு வெளிச்சம் தொலைக்காட்சிக் கேமராக்களுக்காக. உங்களுக்கு அதில் சிறு பங்கு போதும். ஆனால் அது எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் சராசரி லக்ஸ் கணக்கைக் காட்டினால், மிகக் குறைந்த இடத்தில் எவ்வளவு என்று கேளுங்கள். குறைந்த உயரக் கம்பங்களை நெருக்கமாக, வண்டி செல்லும் திசையிலோ பக்கவாட்டிலோ ஒளி விழும்படி நடச் சொல்லுங்கள். கம்பங்களுக்குத் தடுப்பும் வேண்டும். வண்டி மோதக்கூடிய இடத்தில் வெறும் இரும்புக் கம்பம் நிற்கக் கூடாது.

இனி அந்த 6 மணி. உங்கள் கூட்டாளியின் அச்சம் புதிதல்ல. ஐரோப்பிய ரசிகர்கள் பகலில் பார்க்க வசதியாக ஆசியப் பந்தயங்களை இரவுக்கு மாற்ற வேண்டும் என்று ஃபார்முலா 1 வணிகத் தலைவர் பெர்னி எக்லெஸ்டோன் வற்புறுத்தியபோது பெரிய விவாதம் எழுந்தது. விளக்குப் போட மறுத்த ஆஸ்திரேலியாவும், விளக்கில்லாத மலேசியாவும் 2009இல் மாலை 5 மணித் தொடக்கத்துக்கு இணங்கின. மெல்பர்னில் தாழ்ந்த சூரியன் கண்ணைக் கூசுவதாக ஓட்டுநர்கள் குறைகூறினார்கள். மலேசியாவின் செபாங்கிலோ மாலை இடிமழை கொட்டியது. 56 சுற்றுகளில் 33ஆவது சுற்றில் பந்தயம் நிறுத்தப்பட்டது, மீண்டும் தொடங்க வெளிச்சம் இல்லை, பாதிப் புள்ளிகளே வழங்கப்பட்டன. ஜப்பானின் சுசூகாவில் 2014இல், மழையில் வெளிச்சம் குறைந்த நேரத்தில் நடந்த விபத்து ஜூல் பியாங்கியின் உயிரைப் பறித்தது. அதை ஆராய்ந்த குழு, இரவுப் பந்தயம் தவிர மற்றவை சூரிய மறைவுக்குக் குறைந்தது நான்கு மணி நேரத்துக்கு முன் தொடங்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அதாவது, அச்சம் இரவைப் பற்றி எழுந்தாலும், உண்மையில் தொல்லை தந்தது அந்திதான். அந்தியில் வானம் வெளுத்திருக்கும், தடம் இருண்டிருக்கும்; விளக்கு எரிந்தாலும் எடுபடாது. சித்திரையில் திருச்சியில் ஆறரை மணியை ஒட்டிச் சூரியன் மறைகிறது. ஆகவே பயிற்சிச் சுற்றுகளை 5:45க்குள் முடித்துவிடுங்கள். முதல் பந்தயத்தை ஏழேகாலுக்குத் தொடங்குங்கள். இடைப்பட்ட நேரத்தில் சிற்றுண்டி விற்கலாம், வண்டி ஓட விடாதீர்கள்.

மின்சாரத்தைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு தளத்தில், பந்தயத்தின் நடுவே ஒரே ஜெனரேட்டர் நின்று முழுத் தடமும் இருண்டது. ஒன்பது வண்டிகள் வளைவில் இருந்தன. இரண்டு பேருக்கு எலும்பு முறிந்ததோடு போயிற்று. அந்த இருட்டில் கேட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்தடுத்த விளக்குகளை வெவ்வேறு இணைப்பில் போடுங்கள்: ஒற்றைப்படை விளக்குகள் ஒன்றில், இரட்டைப்படை விளக்குகள் இன்னொன்றில். ஒன்று நின்றாலும் பாதி வெளிச்சம் தடம் முழுக்க மிஞ்சும், வண்டிகள் பாதுகாப்பாக நின்றுவிடும். பழைய மெட்டல் ஹாலைடு விளக்கு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். ஒரு கணம் மின்சாரம் போனாலும் அது ஆறி மீண்டும் எரியப் பல நிமிடங்கள் ஆகும். எல்இடி உடனே எரியும். மும்முனை மின்சாரத்தில் மூன்று முனைகளுக்கும் விளக்குகளைப் பகிர்ந்து கொடுத்தால் ஒளித் துடிப்பும் குறையும்.

மழை பெய்தால் நிறுத்திவிடுங்கள். நனைந்த தடம் ஒவ்வொரு விளக்கையும் கண்ணாடிபோல் திருப்பி அடிக்கும். கத்தாரின் லொசைலில் 2009இல் விளக்கொளியில் நடக்கவிருந்த மோட்டோஜிபி மோட்டார் சைக்கிள் பந்தயத்தையே மழைக்காகத் திங்கட்கிழமைக்குத் தள்ளினார்கள். நம் ஊரில் மழைக்குப் பின் இன்னொரு தொல்லை, ஈசல். விளக்கைச் சுற்றி மொய்த்து ஹெல்மெட் கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். கீறல் விழாத, நிறமற்ற கண்ணாடிதான் இரவுக்கு ஏற்றது; வாடகை ஹெல்மெட்டுகளில் அதை மாற்றுங்கள். கொடி காட்டுபவர்களுக்குப் பிரதிபலிப்புச் சட்டையும், கொடிக்குப் பதில் மஞ்சள், சிவப்பு விளக்குகளும் வேண்டும்.

வெயில் போய்விட்டால் வெப்பமும் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். கத்தாரில் 2023 அக்டோபரில் நடந்த ஃபார்முலா 1 பந்தயம் இரவில்தான் நடந்தது. அதிலும் ஓட்டுநர் லோகன் சார்ஜென்ட் உடல் தளர்ந்து பாதியில் விலகினார். போட்டிகளைக் குறைந்த நேரத்துக்கு வையுங்கள், தண்ணீர் தயாராக இருக்கட்டும்.

அக்கம்பக்கத்தில் வீடுகள் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரையிலான நேரத்தை இரவு என்கின்றன. குடியிருப்புப் பகுதிக்கு அப்போது 45 டெசிபல்தான் வரம்பு. பெட்ரோல் கார்ட் அதற்குள் அடங்காது. ஒன்பதரைக்கே கடைசிக் கொடியைக் காட்டிவிடுங்கள்.

திறப்பதற்கு முன், நிலவில்லாத ஓர் இரவில் லக்ஸ் மீட்டரை எடுத்துக்கொண்டு தடம் முழுவதும் நடங்கள். ஐந்து மீட்டருக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அனுபவமுள்ள ஒருவரை மெதுவாக ஓட்டச் சொல்லிவிட்டு, அவருக்கு முன்கூட்டியே தெரிவித்து, ஒரு இணைப்பை அணையுங்கள். வேகம் குறைக்காமலே தடத்தின் விளிம்பு தெரிந்தது என்று அவர் சொல்லும்வரை டிக்கெட் விற்க வேண்டாம்.