மழை நாளில் தொய்யும் பௌரான்

வணக்கம். அயர்லாந்தின் கால்வே நகரில் வாங்கிய பௌரான் என்ற வட்டத் தோல்மேளம் மழை வந்தால் தொளதொளவென்று ஆகிறது, ஹீட்டர் மேல் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வைக்காதீர்கள். ஆட்டுத்தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தளர்கிறது. ஹீட்டர் சூட்டில் சட்டென்று காய்ந்தால் அதே வேகத்தில் இறுகி, ஆணி அடித்த விளிம்பில் கிழிந்துவிடும்.

சட்டத்தின் உள்பக்கம் திருகுகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால், எதிரெதிர்த் திருகுகளாக ஒவ்வொன்றையும் கால் சுற்று மட்டும் முடுக்குங்கள். ஒரே பக்கமாக முடுக்கினால், தோலை இறுக்கும் உள்வளையம் கோணும். வாசித்து முடித்ததும் மறக்காமல் தளர்த்திவிடுங்கள். இரவில் அறை காய்ந்தால் தோல் இன்னும் இறுகும். என்னுடைய முதல் தோல் அப்படித்தான் போனது, இன்றும் மனசு கேட்கவில்லை.

திருகு இல்லாத பழைய பாணி என்றால், உள்ளங்கையால் தோலைத் தேய்த்துச் சூடேற்றுங்கள். கணப்பிலிருந்து நல்ல தூரத்தில் கொஞ்ச நேரம் பிடித்தாலும் போதும். வறண்ட நாளில் நேர்மாறு: ஈரத்துணியால் உள்பக்கம் லேசாக ஒற்றுங்கள், நம் கஞ்சிராவுக்குத் தண்ணீர் தடவுவது போல.

அப்புறம், பௌரானை அடிக்கும் மெல்லிய டிப்பர் குச்சி ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். தோல் தொய்ந்த நாளிலும் அதில் அடி கொஞ்சம் தெளிவாக விழும்.