ஜோக்தானே என்று விளம்பரத்தை வெளியிடலாமா?

கேள்வி: நண்பரும் நானும் டியோடரன்ட் தயாரித்து இணையம் வழியாக இந்தியாவிலும் பிரிட்டனிலும் விற்கிறோம். புது விளம்பரத்தில் ஒருவர் லிஃப்டில் ஏற, எல்லோரும் மூக்கைப் பொத்துகிறார்கள். "உங்களுக்கு முன்பே உங்கள் அக்குள் உள்ளே வந்துவிட்டது" என்று ஒரு குரல். அப்புறம் அவர் தன் கையிலிருக்கும் நீல பாட்டிலைக் குப்பையில் வீசிவிட்டு எங்களுடையதை எடுக்கிறார். பார்த்தால் பிரபல பிராண்டின் பாட்டில் போல இருக்கும், பெயர் தெரியாது. "72 மணி நேரம் நாற்றமே இருக்காது" என்று படம் முடிகிறது. அடுத்ததாக இரட்டை அர்த்த வசனத்தோடு ஒரு படமும் யோசிக்கிறோம். ஜோக்குக்கு யார் கேஸ் போடுவார்கள் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: லிஃப்ட் காட்சி அப்படியே இருக்கட்டும், எனக்கு ரொம்பப் பிடித்தது. வியர்வை நாற்றம் எல்லோருக்கும் உள்ள சங்கடம். அக்குள் முன்னால் நடந்து வரும் என்று யாரும் நம்பப்போவதில்லை. இந்த மாதிரி மிகைப்படுத்தலைச் சட்டம் கண்டுகொள்ளாது.

என் கவலையெல்லாம் அந்த நீல பாட்டில்தான். பெயர் தெரியாவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 2004இல் டில்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு பல்பொடி வழக்கு வந்தது. போட்டி நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமலே, சிவப்புப் பல்பொடி பல்லைக் கெடுக்கும் என்று காட்டிய விளம்பரம் அது. ஒரு வகைப் பொருளையே மட்டம் தட்டினாலும் அதைத் தயாரிப்பவர் வழக்குப் போடலாம் என்று சொல்லி, நீதிமன்றம் விளம்பரத்துக்குத் தடை விதித்தது. நம்முடையது நல்லது என்று எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். அடுத்தவருடையது குப்பை என்று சொல்லக் கூடாது, நீங்களோ அதைக் காட்சியாகவே எடுத்திருக்கிறீர்கள். இடைக்காலத் தடை வந்தால் படத்துக்குப் போட்ட பணம் முடங்கிவிடும். அந்தக் காட்சியை வெட்டிவிடுங்கள். பதிலுக்கு, லிஃப்டில் இருப்பவர்கள் மூக்கில் துணி கிளிப் மாட்டிக்கொள்ளட்டும், சிரிப்பு குறையாது.

"72 மணி நேரம்" என்பதை நீதிமன்றம் ஜோக்காகப் பார்க்காது. அளந்து பார்க்கக்கூடிய வாக்குறுதி அது. விளம்பரம் வெளியாகும் முன்பே பரிசோதனை அறிக்கை கையில் இருக்க வேண்டும், பிரிட்டனின் விளம்பர விதியும் இதையே சொல்கிறது. தவறான விளம்பரத்துக்கு இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை போகும்.

இரட்டை அர்த்தப் படம் வேண்டவே வேண்டாம். 2022இல் இந்தியாவில் ஒரு டியோடரன்ட் விளம்பரம் பாலியல் வன்முறையை நினைவூட்டும் வசனத்தை வேடிக்கையாக வைத்தது. பெண்கள் கொதித்துப்போனார்கள். யூடியூபிலிருந்தும் ட்விட்டரிலிருந்தும் அதை நீக்கச் சொல்லி அரசு உத்தரவிட்டது. ஒரு பெண்ணின் பயத்தைத் தொட்டு நாம் சோப்பும் சென்டும் விற்க வேண்டியதில்லை. பிரிட்டனில் 2019 முதல், தீங்கு செய்யக்கூடிய ஆண்-பெண் வார்ப்புச் சித்தரிப்புகள் விளம்பரத்தில் இருக்கக் கூடாது. நகைச்சுவைக்காகச் செய்தோம் என்பது அங்கே எடுபடாது.

வெட்டிய படத்தையும் பரிசோதனை அறிக்கையையும் வெளியிடும் முன் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.